நாணயம்: எல்லையோரம் சொல்லும் பாடம்



கையில் எண்ணிக் கொடுக்கும் காசுக்கும் நாணயம் என்று பெயர். கொடுத்த சொல்லைக் காப்பாற்றும் குணத்திற்கும் நாணயம் என்றே பெயர். நம் முன்னோர் இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தது பொருத்தம்தான். கடைத்தெருவில் ஒருவரை "நாணயஸ்தர்" என்று சொன்னால், அவரிடம் பணம் இருக்கிறது என்று யாரும் பொருள் கொள்வதில்லை. அவரை நம்பிப் பணத்தைக் கொடுக்கலாம் என்றே கொள்வார்கள். இன்று பெரிய நிர்வாகக் கல்லூரிகளில் அறவழித் தலைமை என்றும், பொறுப்புள்ள வணிகம் என்றும் வகுப்பெடுக்கிறார்களே, அதன் சாரம் முழுவதும் இந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒருவர் நாணயமானவரா என்பதை நாம் எப்படி அறிவது? ஊர்க்காரர், தெரிந்தவர், நம் சமுதாயத்தார், கோயில் கொடைக்கு அள்ளிக் கொடுப்பவர் என்றால் போதுமா? ஊரை விட்டு வெகுதூரம் வந்து உழைத்து, மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பும் நம்மைப் போன்றவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. நாம் அனுப்பும் பணம் அங்கே எங்கு போய்ச் சேருகிறது, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தங்கையின் கல்யாணமும், பிள்ளையின் படிப்பும், கட்டி முடியாத வீட்டின் மேல்தளமும் இருக்கின்றன. இந்தக் கேள்விக்குத் தென்கோடியில் உள்ள ஓர் எல்லைப் பகுதி சொல்லும் விடையைப் பார்ப்போம்.

எல்லைக்கு இருபுறமும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு இந்த வழி மனப்பாடமாக இருக்கும். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை என்று கேரளத்து ஊர்கள் வரிசையாக வரும். பாறசாலை தாண்டினால் களியக்காவிளை, அங்கிருந்து தமிழ்நாடு. பெயர்ப் பலகையில் எழுத்து மாறுமே தவிர, தென்னையும் ரப்பரும் மரச்சீனியும் வாழையும் மாறுவதில்லை.

முன்பு இவையெல்லாம் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்தன. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தில் இணைந்தன. பக்கத்திலிருந்த நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அண்ணன் வீடு அந்தப் பக்கம், தங்கை வீடு இந்தப் பக்கம் என்று ஆன குடும்பங்கள் ஏராளம். பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், ஆஸ்பத்திரிக்குப் போவதும் எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. தமிழும் மலையாளமும் ஒரே வாயில் கலந்து வரும்.

மக்களுக்கு இல்லாத எல்லை சட்டத்துக்கு மட்டும் உண்டு. ஒரு பக்கத்துப் போலீசுக்கு மறுபக்கத்தில் அதிகாரமில்லை. ஒரு மாநிலத்தின் சீட்டுப் பதிவாளர் அடுத்த மாநிலத்துக் கணக்கேட்டைத் திறந்து பார்க்க முடியாது. இந்த வேறுபாடு சாதாரண நாளில் யார் கண்ணிலும் படுவதில்லை. பட்ட நாள் வந்தபோது காலம் கடந்திருந்தது.

2017 செப்டம்பர்

களியக்காவிளைக்குப் பக்கத்தில், பளுகல் அருகே மத்தம்பாலை என்னும் ஊர். தமிழ்நாட்டு மண், ஆனால் பாறசாலை கூப்பிடு தூரம். அங்கே நிர்மல் கிருஷ்ணா என்ற பெயரில் சீட்டும் நிதி வைப்பும் நடத்திய நிறுவனம் ஒன்று பல ஆண்டுகளாக இயங்கி வந்தது. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து மக்களும், குமரி மாவட்டத்து மேற்குப் பகுதி மக்களும் அதில் பணம் போட்டிருந்தார்கள். வங்கியைவிட வட்டி கூடுதல், அலைச்சல் குறைவு, நடத்துபவர் ஊரறிந்தவர். இந்த மூன்றும் போதுமானதாக இருந்தன.

2017 செப்டம்பரில் அந்த நிறுவனத்தின் கதவு மூடப்பட்டது. கடனைத் தீர்க்க இயலவில்லை என்று நிறுவனத்தின் தரப்பில் நீதிமன்றத்தில் திவால் மனு கொடுக்கப்பட்ட செய்தி பரவியதும், பணம் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் மத்தம்பாலையில் கூடினார்கள். ஓய்வூதியம் பெற்ற ஆசிரியர்கள், ரப்பர் பால் வெட்டுபவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், மகளின் கல்யாணத் தேதி குறித்துவிட்ட பெற்றோர் என்று எல்லாத் தரத்தாரும் அதில் இருந்தனர். முடங்கிய தொகை பல நூறு கோடி ரூபாய் என்று அன்றைய செய்தித்தாள்கள் எழுதின.

அப்போதுதான் எல்லை என்பது என்ன என்று மக்களுக்குப் புரிந்தது. பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் கேரளத்தவர். அலுவலகமோ தமிழ்நாட்டில். எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது, எந்த மாநிலத்துச் சட்டப்படி சொத்தை முடக்குவது என்று அலைய வேண்டியதாயிற்று. முடிவில் தமிழ்நாட்டுப் போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்கை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்க 1997லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கேரளத்தில் அத்தகைய சட்டம் 2013ல் வந்தது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை நாடு முழுவதும் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019ல்தான் வந்தது.

யார் எவ்வளவு குற்றம் செய்தார் என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நாம் பார்க்க வேண்டியது வேறு. இத்தனை பேரில் எத்தனை பேர் அந்த நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கைப் பார்த்திருப்பார்கள்? பார்க்க வேண்டும் என்ற எண்ணமாவது எத்தனை பேருக்கு வந்திருக்கும்? "நம்ம ஊரு ஆளுதானே" என்ற சொற்களுக்கு முன்னால் கணக்குப் புத்தகம் எடுபடவில்லை.

சீட்டும் நிதியும்

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சீட்டும் நிதியும் தம்மளவில் கெட்டவை அல்ல. வங்கி வாசல் ஏழைக்குத் திறக்காத காலத்தில் நம் மக்கள் தாமே கண்டுபிடித்துக்கொண்ட சேமிப்பு முறைகள் அவை.

சீட்டின் கணக்கு எளிமையானது. 20 பேர் சேர்ந்து மாதம் ரூ.5,000 கட்டுகிறார்கள், மொத்தம் ஒரு லட்சம். அவசரத் தேவை உள்ள ஒருவர் ஏலத்தில் 25,000 தள்ளி, 75,000 போதும் என்று எடுக்கிறார். நடத்துபவருக்குக் கமிஷன் 5 சதவீதம், அதாவது ரூ.5,000. மீதி 20,000ஐ 20 பேரும் பங்கிட்டுக்கொண்டால் தலைக்கு ரூ.1,000 லாபம். எடுத்தவர் கடைசி மாதம் வரை ஒழுங்காகக் கட்ட வேண்டும். நடத்துபவர் வசூலித்த பணத்தை வேறு தொழிலில் திருப்பிவிடக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று பிசகினாலும் சீட்டு முறியும்.

இதற்காகவே 1982ல் மத்திய அரசு சீட்டு நிதிச் சட்டம் கொண்டு வந்தது. அதன்படி ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளரிடம் காட்ட வேண்டும். கமிஷனுக்கு உச்சவரம்பு உண்டு. 5 சதவீதமாக இருந்ததை 2019ல் 7 ஆக்கினார்கள். கேரளத்தில் இந்தச் சட்டம் 2012ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அங்கே மாநிலச் சட்டமே இருந்தது. அரசே சீட்டு நடத்தும் கே.எஸ்.எஃப்.இ. நிறுவனம் 1969 முதல் கேரளத்தில் இயங்குகிறது.

நிதி என்பது வேறு. உறுப்பினர்களிடமே வைப்புப் பெற்று உறுப்பினர்களுக்கே கடன் கொடுக்கும் கம்பெனி அது. சென்னையில் 1872ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனெண்ட் ஃபண்டை நம்மில் பலர் அறிவோம். 2014ஆம் ஆண்டு நிதி விதிகளை ஒருமுறை படித்துப் பார்த்தால், மனித சுபாவத்தை நன்கு அறிந்தவர்கள் எழுதியது என்று தோன்றும். நிதிக் கம்பெனி சீட்டு நடத்தக் கூடாது. உறுப்பினர் அல்லாதவரிடம் வைப்பு வாங்கக் கூடாது. வைப்புக் கேட்டு விளம்பரம் செய்யக் கூடாது. வைப்பு பிடித்துத் தருபவருக்குத் தரகு கொடுக்கக் கூடாது. வைப்புத் தொகையில் பத்தில் ஒரு பங்கை வங்கியிலோ தபால் நிலையத்திலோ எந்த வில்லங்கமும் இல்லாமல் போட்டு வைக்க வேண்டும். பதிவு அலுவலகம் இருக்கும் மாநிலத்துக்கு வெளியே கிளையோ வசூல் மையமோ திறக்கவே கூடாது.

கடைசி விதியைக் கவனியுங்கள். எல்லையோரத்துக்காகவே எழுதியது போல் இருக்கிறது. ஆனால் அலுவலகத்தை எல்லைக்கோட்டின் பக்கத்தில் வைத்துவிட்டால் கிளை எதற்கு? மக்கள் தாமே நடந்து வந்து கொடுப்பார்கள். விதியை எழுத்தளவில் மீறாமலே அதன் நோக்கத்தை யாரும் தோற்கடிக்கலாம். அங்கேதான் சட்டத்தின் வேலை முடிந்து தலைவரின் மனசாட்சி வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

பெரிய பெயரும் பெருஞ்சரிவும்

சிற்றூர் மக்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். 1906ல் சென்னை நகரமே ஏமாந்தது. பாரி, பின்னி இவற்றோடு சேர்த்துப் பேசப்பட்ட ஆங்கிலேயக் கம்பெனி அர்பத்நாட். வெள்ளைக்காரர் கம்பெனி, நூறாண்டுப் பெயர் என்று வக்கீல்களும், அரசு உத்தியோகஸ்தர்களும், விதவைகளும் அதில் பணம் போட்டு வைத்திருந்தனர். அந்த ஆண்டு அக்டோபரில் அது திடீரென்று மூழ்கியது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது.

போன பணம் போனதுதான். ஆனால் அதிலிருந்து ஒரு நல்லது விளைந்தது. பணம் இழந்தவர்களுக்காக வாதாடிய வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர், இந்தியர்கள் தாமே நடத்தும் வங்கி ஒன்று வேண்டும் என்று முன்னின்றார். 1907 ஆகஸ்ட் 15ல் இந்தியன் வங்கி தன் வேலையைத் தொடங்கியது. ஒரு சரிவுக்குப் பின் புலம்பிக்கொண்டிருப்பவர்கள் பலர். அந்தச் சரிவு மீண்டும் வராதபடி ஓர் அமைப்பைக் கட்டுபவர்கள் சிலர். தலைமை என்ற சொல் இரண்டாவது கூட்டத்தாருக்கே பொருந்தும்.

நெய்யாற்றின்கரைக்காரரும் அவர் முதலாளியும்

நெய்யாற்றின்கரைக்கு இன்னொரு கதை உண்டு. அது நல்ல முதலாளி எப்படி இருப்பார் என்பதற்கான சான்று.

சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை 1878ல் நெய்யாற்றின்கரையில் பிறந்தவர். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட 'சுதேசாபிமானி' என்பது ஒரு பத்திரிகையின் பெயர். அதன் உரிமையாளர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. இஸ்லாமிய அறிஞர், வசதியான குடும்பத்தவர். 1905ல் அந்தப் பத்திரிகையைத் தொடங்கி, அதற்கென்று அச்சு இயந்திரத்தை இங்கிலாந்திலிருந்து தருவித்தார். 1906ல் ராமகிருஷ்ண பிள்ளையை ஆசிரியராக்கி, எழுதுவதில் முழு உரிமையையும் கொடுத்தார்.

ஆசிரியர் திவானின் ஆட்சியையும் அரண்மனை அதிகாரிகளின் ஊழலையும் விடாமல் எழுதினார். அச்சகம் போட்டவருக்கு இதனால் என்ன லாபம்? தொல்லைதான். ஆசிரியரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் அடக்கி எழுதும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மௌலவி சொல்லவில்லை. 1910 செப்டம்பர் 26ஆம் தேதி அரசு பத்திரிகைக்கும் அச்சகத்துக்கும் சீல் வைத்தது. ராமகிருஷ்ண பிள்ளை கைதாகி, சமஸ்தானத்தின் எல்லையைத் தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய் விடப்பட்டார். பிறந்த மண்ணுக்குத் திரும்பாமலே 1916ல் கண்ணூரில் காலமானார். மௌலவி 1932ல் மறையும் வரை அவருடைய அச்சகம் அவர் கைக்குத் திரும்பவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதி அதை மீட்கும் வழியில் அவர் போகவும் இல்லை.

வியாபாரக் கணக்கில் பார்த்தால் மௌலவிக்கு முழு நஷ்டம். ஆனால் அவர் ஆசிரியருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். வாசகர்களுக்கும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். நஷ்டம் வந்தபோது அதைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். நம்பி வந்தவர் தலையில் இறக்கவில்லை. எல்லையோரத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் நஷ்டம் பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர் மேல் விழுந்தது. மற்றதில் முதலாளி மேல் விழுந்தது. ஒரு நிறுவனத்தின் தலைவரை அளக்க இதைவிட நல்ல படி வேறில்லை.

மார்த்தாண்டம் தேன்

எல்லோரும் மௌலவி ஆக முடியுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. தனி மனிதரின் பெருந்தன்மையை நம்பாமல், வேலை முறைக்குள்ளேயே நாணயத்தை வைத்துக் கட்டவும் முடியும். அதற்கு உதாரணம் களியக்காவிளையிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது.

1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாச் என்ற அமெரிக்கர் கிராமப் புனரமைப்பு மையம் ஒன்றை நடத்தினார். ஏழைக் குடும்பம் தன் வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய சிறு தொழில்களை அங்கே கற்றுக்கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்று தேனீ வளர்ப்பு. அதற்கு முன் தேன் என்றால் அடையைப் பிய்த்துப் பிழிவதுதான். புழுவும் மெழுகும் கலந்து வரும். மரப்பெட்டியில் தேனீயை வளர்த்து, அடை சிதையாமல் இயந்திரத்தில் சுழற்றித் தேன் எடுக்கும் முறை வந்ததும் சுத்தமான சரக்கு கிடைத்தது. 1937ல் மார்த்தாண்டம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. உறுப்பினர் கொண்டுவரும் தேனைச் சங்கம் எடை போட்டு வாங்கும், தரம் பார்க்கும், பக்குவப்படுத்தி விற்கும்.

இதில் என்ன நாணயம் என்றால், தேன் கொண்டுவருபவர் அண்ணாச்சியானாலும் அயலாரானாலும் தராசு ஒன்றுதான், சோதனை ஒன்றுதான். "உங்களைத் தெரியாதா?" என்று சொல்லி யாருடைய சரக்கையும் சோதிக்காமல் விடுவதில்லை என்பதே இத்தகைய முறையின் உயிர். 1990களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து கேரளத்திலும் குமரியிலும் நாட்டுத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்தது. சரக்கு அருகும் அத்தகைய காலத்தில்தான் சர்க்கரைப் பாகு கலக்கும் ஆசை எந்த வியாபாரிக்கும் வரும். தராசும் சோதனையும் அந்த ஆசையிலிருந்து மனிதரைக் காப்பாற்றுகின்றன.

சோதனை என்றால் அவமானம் என்று நம்மவர் நினைக்கிறார்கள். நாணயமானவர் சோதனையைத் தானே கேட்டு வாங்கிக்கொள்வார். கணக்கைத் திறந்து காட்டத் தயங்குபவரிடம்தான் நாம் தயங்க வேண்டும்.

இன்றைய கம்பெனிகள்

இதே பாடத்தைப் பெரிய அளவில் நாடு கற்றது 2009 ஜனவரி 7ஆம் தேதி. ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, பல ஆண்டுகளாகக் கணக்கைப் பொய்யாகக் காட்டி வந்ததாகத் தாமே கடிதம் எழுதினார். தொகை சுமார் 7,000 கோடி ரூபாய். சுமார் 50,000 ஊழியர்களின் வேலை ஒரே நாளில் ஊசலாடியது. அந்தக் கம்பெனியின் இயக்குநர் குழுவில் படித்தவர்கள், புகழ் பெற்றவர்கள் எல்லோரும் இருந்தார்கள். தணிக்கை செய்தது உலகப் பெயர் பெற்ற நிறுவனம். எல்லாம் இருந்தும் யாரும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

அரசு பழைய குழுவைக் கலைத்துப் புதியவர்களை நியமித்தது. சில மாதங்களுக்குள் டெக் மகிந்திரா அந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டதால் பெரும்பாலோர் பிழைத்தார்கள். பிறகு வந்த 2013 கம்பெனிச் சட்டத்தில் சில நல்ல ஏற்பாடுகள் நுழைந்தன. ஒரே தணிக்கை நிறுவனம் தொடர்ந்து பத்தாண்டுக்கு மேல் நீடிக்கக் கூடாது. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியின் குழுவில் மூன்றில் ஒருவராவது தனித்து நிற்கும் இயக்குநராக இருக்க வேண்டும். முறைகேட்டைக் கண்ட ஊழியர் பழிவாங்கப்படாமல் அதைச் சொல்ல வழி இருக்க வேண்டும். லாபம் ஓர் அளவைத் தாண்டிய கம்பெனிகள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்.

இந்த 2 சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம், ஊருக்குக் குடிநீர்த் தொட்டி எல்லாம் வரவேற்க வேண்டியவையே. ஆனால் பொறுப்புள்ள வணிகம் என்பது மீதி 98 சதவீதம் எப்படி வந்தது என்பதில் இருக்கிறது. கூலியை நாள் தவறாமல் கொடுத்தார்களா, சரக்கின் எடை சரியா, வைப்புத் தொகை சொன்ன இடத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. திருவிழாப் பந்தலில் பெரிய எழுத்தில் பெயர் போட்டவர்கள் கணக்குப் புத்தகத்திலும் அதே அளவு தெளிவாக எழுதினால் நாம் கைதட்டலாம்.

நாம் கேட்க வேண்டியவை

ஊரில் உள்ள பெற்றோர் "ஒரு நல்ல இடம் இருக்கு, பணத்தைப் போடட்டுமா?" என்று டெலிபோனில் கேட்கும்போது, நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில:

1. இது வங்கியா, நிதியா, சீட்டா, கூட்டுறவுச் சங்கமா? நான்குக்கும் சட்டம் வேறு, பாதுகாப்பு வேறு. வங்கி வைப்புக்கு 2020 பிப்ரவரி முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. நிதிக்கும் சீட்டுக்கும் கிடையாது. 'பாங்க்' என்று பலகை மாட்டிய தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கிடையாது.

2. பதிவு எண் என்ன? சீட்டென்றால் இந்தக் குறிப்பிட்ட சீட்டுக்கே பதிவு உண்டா? பத்தாண்டுக்கு முன் வாங்கிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய ஒரு சான்றிதழ் எல்லாச் சீட்டுக்கும் ஆகாது.

3. வட்டி எங்கிருந்து வருகிறது? நமக்கு 18 சதவீதம் கொடுப்பவர், வேறு யாரிடமாவது அதற்கு மேல் வாங்கியாக வேண்டும். அவ்வளவு வட்டிக்குக் கடன் வாங்குபவர் யார், அவர் திருப்பித் தருவாரா? இதற்கு நேரான பதில் இல்லையென்றால், அடுத்து வருபவரின் பணமே நமக்கு வட்டியாக வருகிறது என்று சந்தேகப்பட இடமுண்டு.

4. கடைசி ஆண்டின் தணிக்கைக் கணக்கைக் காட்டுவார்களா? காட்டுபவருக்கு நன்றி சொல்லுங்கள். கோபப்படுபவரை விட்டு விலகுங்கள்.

5. தகராறு வந்தால் எந்த மாநிலத்தில் வழக்கு? எல்லையோரத்தில் வாழ்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

கூட்டுறவு என்ற பெயரே போதும் என்றும் இருந்துவிட முடியாது. நெய்யாற்றின்கரைக்கு வடக்கே உள்ள கண்டலா சர்வீஸ் கூட்டுறவு வங்கியில் வைப்புத் தொகையைத் திருப்பித் தர முடியாத நிலை வந்து, 2023ல் மத்திய அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் கேள்விகள் அவையேதான். பதிவு பெறாத வைப்புத் திட்டங்களைப் பற்றிப் புகார் செய்ய ரிசர்வ் வங்கி 2016 முதல் 'சசேத்' என்ற இணையதளத்தை நடத்தி வருகிறது. பெற்றோருக்கு அதைப் பார்க்கத் தெரியாவிட்டால் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். ஏமாந்த பெரியவர்களைக் குறை சொல்லிப் பேச வேண்டாம். அவர்கள் ஆசைப்பட்டுப் போட்டதைவிட, நமக்காகச் சேர்க்க வேண்டும் என்று போட்டதே அதிகம். வெட்கத்தால் வாய் மூடிய குடும்பங்கள் புகார் கொடுக்கவும் தாமதித்துவிடுகின்றன. தாமதம் தவறு செய்தவருக்கே உதவுகிறது.

நம் கையில் உள்ளது

நம்மில் பலர் இன்று கணக்கராக, மேற்பார்வையாளராக, ஸ்டோர் கீப்பராக, மேனேஜராகப் பல கம்பெனிகளில் வேலை செய்கிறோம். சிலர் சொந்தமாகக் கடையோ பட்டறையோ வைத்திருக்கிறோம். தலைமை என்பது மேல் மாடியில் கண்ணாடி அறைக்குள் இருப்பவருக்கு மட்டும் உரியதன்று. வராத சரக்குக்கு வந்ததாகக் கையெழுத்துப் போட மறுக்கும் ஸ்டோர் கீப்பரும், ஊழியரின் சேமநிதிப் பணத்தை மாதம் தவறாமல் கட்டிவிட்டுத் தன் பங்கை எடுக்கும் சிறு முதலாளியும் அந்த அளவில் தலைவர்களே.

நம் சங்கங்களும் இதற்கு விலக்கல்ல. பொங்கல் விழாவுக்கு வசூல் செய்கிறோம். ஊரில் வெள்ளம் வந்தால் நிதி திரட்டுகிறோம். நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து தங்களுக்குள் சீட்டுப் போடுகிறோம். "நமக்குள்ளே என்ன கணக்கு?" என்று அன்பாகச் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தச் சொல்தான் மத்தம்பாலை வரை போயிற்று. ரசீது கொடுப்பதும், வரவு செலவை அச்சடித்து எல்லோர் கையிலும் தருவதும், பொருளாளரை ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை மாற்றுவதும் நட்புக்குக் குறைவல்ல. பொருளாளர்மேல் வீண்பழி விழாமல் அவரைக் காப்பதும் அந்த ரசீதுப் புத்தகம்தான்.

அடுத்த பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கும்போது, சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்து கேளுங்கள். புரியாததைக் கேளுங்கள். கூட வந்த பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவும் அப்பாவும் கணக்குக் கேட்பதையும் பொருளாளர் முகம் சுளிக்காமல் பதில் சொல்வதையும் பார்க்கட்டும்.